மேலே ஒரு கரண்டி

அக்கா யாரிடமும் 'வேண்டாம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'முடியாது', 'மாட்டேன்', 'பிடிக்கவில்லை' இவையெல்லாம் அவருக்குத் தெரியாத சொற்கள் அல்ல. பிறர் சொன்னால் நன்றாகவே புரிந்துகொள்வார். அவர் வாயிலிருந்து மட்டும் வராது.

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்கிற ஊரில் எங்கள் வீட்டை ஒட்டினாற்போல அவர் வீடு. நாங்கள் குடிபோன புதிதில் ஒரு நாள் ஆலங்கட்டி மழை கொட்டியது. டெக்சாஸில் ஆலங்கட்டி விழுந்தால் மறுநாளே கூரை மாற்றுகிற ஆட்கள் ஈசல் மாதிரிக் கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, உங்கள் கூரையில் அடிபட்டிருக்கிறது, இன்ஷூரன்ஸில் பேசி நாங்களே மாற்றித் தருகிறோம், சனிக்கிழமை வரட்டுமா என்பார்கள். நான் கதவைத் திறக்காமலேயே போகச் சொல்லிவிட்டேன். அக்கா திறந்தார். வந்தவர்கள் எல்லோரிடமும் சரி என்றார். சனிக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் மூன்று கம்பெனி வண்டிகள் ஏணியும் ஆளுமாக நின்றுகொண்டிருந்தன. நான் நைட்டியோடு வெளியே ஓடினேன்.

"என்னக்கா, மூணு பேரையா வரச் சொல்லிருக்கிய?"

"கேட்டாங்கங்க அம்மிணி."

"கேட்டா? வேண்டாம்னு சொல்லப்படாதா?"

"வெயில்ல அத்தன தூரம் நடந்து வந்து கேக்கறாங்க. மூஞ்சியப் பாத்துட்டு எப்படிங்க சொல்றது?"

நான் சொன்னேன். மூன்று பேர் மூஞ்சியையும் நன்றாகப் பார்த்தே சொன்னேன். எனக்கு அதெல்லாம் ஒரு வேலையே இல்லை. நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் எல்லோருக்குமே வெட்டு ஒன்று துண்டு இரண்டு. கல்யாண வீட்டில் சாம்பாருக்கு உப்பு இல்லையென்றால் பந்தியிலேயே எழுந்து சொல்லுகிற கூட்டம் நாங்கள். ஏணிகள் மறுபடி வண்டியில் ஏறிக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளேயிருந்து பேப்பர் தட்டுகளோடு வந்தார். ஒவ்வொன்றிலும் சோறு, கறி, முட்டை.

"வந்தது வந்தாங்க. பசியோட போகக் கூடாதுங்க."

வந்தவர்கள் எல்லோரும் அவர் வீட்டு டிரைவ்வேயிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருத்தன் இரண்டாம் முறையும் வாங்கினான். இனி மழையே பெய்யாவிட்டாலும் இவன் வருவான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அக்காவுக்காக 'வேண்டாம்' சொல்லுகிற உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது. சோலார் பேனல்காரன், புல்லுக்கு மருந்தடிக்கிறவன், பைபிளோடு வருகிறவர்கள், எல்லோரையும் நான்தான் அனுப்பிவைத்தேன். எல்லோரையும் அக்கா ஒரு வாய் சாப்பிடவைத்துத்தான் விட்டார்.

சொல்ல மறந்துவிட்டேன். அக்கா தமிழர் அல்ல. பிறந்தது ஜாவாத் தீவில், சோலோ என்கிற ஊரில். கோயமுத்தூர்ப் பக்கத்து மில்காரர்கள் பஞ்சும் நூலும் இருக்கிற இடமென்றால் உலகத்தின் எந்த மூலைக்கும் போய்விடுவார்கள் அல்லவா? அப்படி உடுமலைப்பேட்டையிலிருந்து ஒருவர் சோலோவில் ஒரு நூல் மில்லுக்கு ஸ்பின்னிங் மாஸ்டராகப் போனார். மில் கேட்டுக்கு எதிரே அக்காவின் அம்மா காலை வேளையில் லிவெத் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்றுக்கொண்டிருந்தார். இட்லி கிடைக்காத ஏக்கத்தில் அங்கே போய் உட்கார்ந்த மாஸ்டர், சோற்றில் விழுந்தாரா, பரிமாறிய மகளிடம் விழுந்தாரா என்பது அவருக்கே இன்றுவரை தெரியாது. கல்யாணமாகி உடுமலையில் மாமியார் வீட்டில் சில வருடம். மறுபடி சோலோ. மாஸ்டர் ரிட்டயர் ஆனதும் மகனோடு கேட்டி. மகன் எண்ணெய்க் கம்பெனியில் என்ஜினியர், பாதி மாதம் கடலுக்குள் கிணற்று மேடையில் இருப்பான்.

மாமியார் வீட்டில் கற்ற கொங்குத் தமிழ் அக்காவின் வாயில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க' போடுகிற ஊர் உடுமலை. பெரியவர்களிடம் பேச ஒரு பேச்சு, சிறியவர்களிடம் பேச வேறொரு பேச்சு என்று தனித்தனியே வைத்திருக்கிற ஊர் சோலோ. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும்? அக்கா ஆகும்.

ஒருமுறை நாங்கள் இருவரும் ஹில்கிராஃப்ட் பக்கம் ஒரு இந்தியக் கடைக்குப் போயிருந்தோம். அக்கா தேங்காய்களை ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு சென்னைப் பெண்கள்.

"இந்த சைனாக்கார அம்மா எவ்ளோ நேரமா உருட்டுது பாருடி. தேங்காய பத்தி இவங்களுக்கு இன்னா தெரியும்?"

அக்கா திரும்பினார். "சித்தெ பொறுங்க அம்மிணி, இதா ஆச்சுங்க. உங்களுக்கும் நல்ல காயா ரண்டு பாத்துக் குடுக்கட்டுங்களா?"

அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்து நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. நிஜமாகவே நல்ல காய்களாகப் பொறுக்கி அவர்கள் கூடையில் வைத்தார்.

தேங்காய் என்றதும் அந்தச் சோற்றைச் சொல்லியாக வேண்டும். அரிசியைத் தேங்காய்ப் பாலிலும் கோழி வெந்த தண்ணீரிலும் போட்டு, எலுமிச்சைப் புல்லை முடிச்சிட்டு உள்ளே தள்ளி, பிரிஞ்சி இலை மாதிரியான ஓர் இலையும் போட்டு, அடி கனத்த பாத்திரத்தில் சிறு தீயில் வேகவைப்பார். வீட்டில் ரைஸ் குக்கர் இருந்தது. அதில் மகனுடைய சாவிகள் கிடக்கும். சோற்றின் மேல் பக்கத்துக்கொன்றாக, குச்சி குச்சியாக நறுக்கிய சௌசௌவைக் காரமாக வேகவைத்தது, மஞ்சள் போடாத வெள்ளைக் கோழிக் கறி, அரை முட்டை. சௌசௌ எங்கே கிடைக்கும் என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, மெக்சிகன் கடையில் மலை மாதிரிக் குவித்து வைத்திருப்பதைக் காட்டித் தந்தவரும் அவர்தான். கடைசியாக மேலே ஒரு கரண்டி கெட்டிப்பால். தேங்காயின் தலைப்பாலை உப்புப் போட்டு, கையெடுக்காமல் கிண்டி, எண்ணெய் பிரிவதற்கு முன்னால் இறக்கியது. தயிர் பதத்தில் இருக்கும். அதைச் சோற்றோடு பிசைந்தால்தான் அது லிவெத். பிசையாவிட்டால் அது வெறும் சோறுதான். பரிமாறுகிற இலையும் வாழை இலைதான், ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெந்நீரில் வாட்டியது.

முதன்முதலாக அவர் கொண்டுவந்து கொடுத்தபோது நான் என் வழக்கப்படி, "தேங்காச் சோறு நல்லாருக்கு, உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றேன்.

"ஆமாங்க, கம்மிதானுங்க" என்றார் அக்கா, ஏதோ விருது கொடுத்தது போல.

தேங்காய் விஷயத்தில் நாகர்கோவில்காரி கடன் வைக்க மாட்டாள். மறுவாரம் நான் உளுந்தஞ்சோறு செய்து தேங்காய் அள்ளிப் போட்டுக் கொண்டுபோனேன். அன்று பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போன நேரத்தில் அது அடிப்பிடித்துவிட்டது. பாதிச் சோற்றில் தீய்ந்த வாடை. அக்கா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, "நெம்ப நல்லா இருக்குதுங்க அம்மிணி" என்றார்.

அங்கேதான் எனக்கு வம்பு தொடங்கியது. தீய்ந்த சோற்றையும் நன்றாக இருக்கிறது என்கிறவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் தினமும் அவர் வீட்டுக்குப் போனேன். மணிக்கணக்காகப் பேசினேன். போகும்போதெல்லாம் "வாங்க வாங்க" என்றார், கிளம்பும்போதெல்லாம் "அதுக்குள்ளயுங்களா?" என்றார். இதையேதான் அவர் பைபிள்காரர்களிடமும் சொன்னார். ஊரில் என்றால் எனக்கு அக்கா உண்டு, மதினி உண்டு, சண்டை போட ஒரு பக்கத்து வீட்டுக்காரி உண்டு. கேட்டியில் எனக்கு இருந்தது இவர் ஒருவர்தான். இவருக்கு என்னை நிஜமாகவே பிடித்திருக்கிறதா, அல்லது கூரைக்காரனைப் போல நானும் கதவைத் தட்டிவிட்ட ஓர் ஆளா? இதை என் கணவரிடம் கேட்டேன்.

"சோறு போடுறாங்கல்ல? அப்புறம் என்ன?" என்றார் அவர். ஆண்களுக்கு அவ்வளவுதான்.

பொங்கல் விழா வந்தது. தமிழ்ச் சங்கத்துக் கமிட்டி ஆள் ஒருவர், அக்காவின் கைச்சோறு பற்றிக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார்.

"ஆன்ட்டி, இந்த வருஷம் லஞ்சுக்கு உங்க ரைஸ்தான் ஹைலைட். வெஜிடேரியனா பண்ணிடுங்க. அப்புறம் ஒண்ணு ஆன்ட்டி, பிளெய்னா இருந்தா நம்ம ஜனங்களுக்குப் பிடிக்காது. கடுகு, கடலப்பருப்பு, முந்திரி தாளிச்சுக் கொட்டிடுங்க. கொஞ்சம் மஞ்சத்தூள் போட்டா போட்டோல பளிச்சுனு இருக்கும்."

"ஆகட்டுங்க" என்றார் அக்கா.

அவர் போனதும் நான் குதித்தேன். "லிவெத்துல கடுகு போடுவியளாக்கா? மஞ்சத்தூளு? நான் போன் பண்ணிச் சொல்லுதேன் அந்தாளுகிட்ட."

"ஆசையாக் கேக்கறாருங்க. விடுங்க."

விழா அன்று பள்ளிக்கூட கஃபட்டீரியாவில் மூடியைத் திறந்தால் சோறு எப்போதும் போல வெள்ளை வெளேரென்று இருந்தது. கோழித் தண்ணீருக்குப் பதில் காய்கறி வேகவைத்த தண்ணீர், அவ்வளவுதான் மாற்றம். ஒரு கடுகு கிடையாது. அக்காவே நின்று பரிமாறினார். கமிட்டி ஆள் தட்டை நீட்டினார். சோறு விழுந்தது, சௌசௌ விழுந்தது, கெட்டிப்பால் கரண்டி அவர் தட்டைத் தாண்டிப் பின்னால் நின்றவர் தட்டுக்குப் போனது. அவர் மறுபடி வந்தார். மறுபடியும் கரண்டி தாண்டியது. கூட்டத்தில் அக்காவுக்குக் கைத்தடுமாற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

"சூப்பர் ஆன்ட்டி, தாளிப்பு தூக்குது!" என்றார் அந்த மனிதர்.

"சந்தோசமுங்க" என்றார் அக்கா.

அது கைத்தடுமாற்றம் இல்லை என்று எனக்கு விளங்க அடுத்த கோடைக்காலம் வரை ஆனது. மாஸ்டருக்குத் திடீரென்று ஊர் ஆசை பிடித்துக்கொண்டது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கேட்டியில் கார் ஓட்டாதவன் வீட்டில் கட்டிப்போட்ட மாடு. "உடுமலைல பங்கு வீடு சும்மாதானுங்க கெடக்குது. வெய்யக்காலம் முடியட்டும், மொத்தமாப் போயிரலாம்" என்று தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அக்காவிடமும் சொன்னார். அக்கா "சரிங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோலோவிலிருந்து உடுமலைக்கு 'சரிங்க', உடுமலையிலிருந்து சோலோவுக்கு 'சரிங்க', அங்கிருந்து கேட்டிக்கு 'சரிங்க'. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கென்று ஓர் அடுப்படியும், பின்பக்கம் ஆள் உயரத்துக்கு வளர்ந்த எலுமிச்சைப் புல்லும் இருந்தது இங்கேதான். அவர் போவதில் எனக்கும் நஷ்டம் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. அக்காவுக்காக 'வேண்டாம்' சொல்லுவது என் உத்தியோகம் அல்லவா? மாஸ்டரிடமும் சொல்லிவிடுவதென்று, ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டில் நடக்கிற சாப்பாட்டுக்குப் போனேன்.

எங்கள் எல்லோர் இலையிலும் கெட்டிப்பால் இருந்தது. மாஸ்டர் இலையில் இல்லை. போன ஞாயிறும் இல்லாதது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்கு முந்திய ஞாயிறும்.

"அக்கா, மாஸ்டருக்குப் பால் ஊத்தலியே?"

"தீந்துடுச்சுங்க."

அக்காவின் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிண்ணம் இருந்தது. நிறைய இருந்தது. மாஸ்டர் தலை நிமிராமல் வறட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். எனக்குப் பொங்கல் விழாவும் அந்தத் தாண்டிப் போன கரண்டியும் நினைவுக்கு வந்தன. சாப்பிட்டு முடிந்ததும் அக்காவை அடுப்படியில் பிடித்தேன்.

"என்னக்கா இது? கிண்ணம் நெறைய வச்சுக்கிட்டுத் தீந்துட்டுன்னு சொல்லுதிய?"

அக்கா ஒரு தட்டை ரொம்ப நேரம் கழுவினார். பிறகு சின்னப் பெண் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எங்கம்மா கடைல வந்து திங்கறவங்க எல்லாம் மில்லுல பெரிய பெரிய ஆளுங்க. அவங்ககிட்ட வேண்டாம், முடியாதுன்னு பேச முடியுங்களா? மூஞ்சிக்கு நேரா சொன்னா கேக்கறவங்களுக்கு வலிக்குமுங்க. எங்கம்மா கரண்டிய நிறுத்திக்கும். ஒரு வார்த்த பேசாது. புரியறவங்களுக்குப் புரியுமுங்க."

"புரியலேன்னா?"

"மறுநாளும் ஊத்தாதுங்க."

"அப்போ நீங்க போறதுக்கு..."

"அவருக்கு ஊரு ஆசைங்க அம்மிணி. நான் எப்படிங்க வேண்டாம்னு சொல்றது?" என்று மறுபடி தட்டைக் கழுவ ஆரம்பித்தார்.

இது மாஸ்டருக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் நேராகவே கேட்டேன்.

"தெரியாமயுங்களா?" என்றார் மாஸ்டர். "கண்ணாலமான நாள்ல இருந்து தின்னுட்டிருக்கறேன். வறட்டுச் சோறு வந்தா வழக்கு நடக்குதுன்னு அர்த்தமுங்க. நானும் எத்தன நாளைக்குத் தாக்குப் பிடிக்கறேன்னு பாக்கறனுங்க."

தீபாவளி வரை தாக்குப்பிடித்தார். அதற்குள் ஆள் இளைத்தே போனார். வேறு குழம்பு ஊற்றிக்கொண்டால் ஆகாதா என்றால், அதுவும் வழக்கின் சட்டத்தில் இல்லை போலிருக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஏம்மிணி, வருசத்துக்கு ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வந்தாப் பத்தாதா?"

"உங்க இஷ்டமுங்க" என்றார் அக்கா. சொல்லிவிட்டுக் கிண்ணத்தையே கவிழ்த்தார். மாஸ்டர் இலையில் சோறு முங்கிவிட்டது. அந்த மனிதர் வழித்து வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்து என் கணவர்கூடச் சிரித்துவிட்டார்.

அன்று முதல் நான் என் இலையையே பார்க்க ஆரம்பித்தேன். எப்போதும் பால் இருந்தது. ஒருமுறை, விடுமுறை வீடு விற்கிறவன் எவனுக்கோ அக்கா சரி என்று தலையாட்டிவிட்டதற்காக அவரைத் தெருவே கேட்கக் கத்திவிட்டேன். மறுநாள் பயந்துகொண்டே போய் உட்கார்ந்தேன். பால் ஊற்றினார். இது நல்ல சேதியா? கூரைக்காரனுக்கும் ஊற்றினார், பைபிள்காரருக்கும் ஊற்றினார். பால் ஊற்றுவது அவருக்கு வணக்கம் சொல்வது மாதிரி. அதை வைத்து என் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க வழியில்லை. வருடங்கள் போயின, அரிப்பு மட்டும் இருந்துகொண்டே இருந்தது.

பிறகு என் கணவருக்குத் தூரத்தில், மேற்குக் கரையில், சன்னிவேல் என்கிற ஊரில் வேலை கிடைத்தது. அவருக்கு நெடுநாள் ஆசை. நானும்தான் கெஞ்சி அப்ளை பண்ணவைத்தேன். ஆனால் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். மூன்று கம்பெனிக்காரர்களை முகத்துக்கு நேராக விரட்டியவளுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் அவருடைய எலுமிச்சைப் புல் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டேன்.

"நெம்ப சந்தோசமுங்க அம்மிணி" என்றார் அக்கா உடனே. "நல்ல ஊருன்னு சொல்வாங்க. வெக்கையே இருக்காதாமா. நெறைய நம்மாளுக இருக்கறாங்களாமா. எப்பங்க கெளம்பறீங்க? பாத்திரமெல்லாம் நான் கட்டித் தாரனுங்க."

அவ்வளவுதான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நான் வீட்டுக்கு வந்து என் கணவரை ஒரு காரணமும் இல்லாமல் திட்டினேன். இத்தனை வருடம் பழகி, எனக்கும் அந்தக் கமிட்டி ஆளுக்கும் ஒரே 'சந்தோசமுங்க' தானா? சரி, அவர் சுபாவம் அது. என்னுடைய சுபாவம்தான் எதிலும் பதில் கேட்டு நிற்பது. அப்படி எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனது கேட்கவில்லை.

சொன்னபடியே வந்து பாத்திரமெல்லாம் கட்டிக் கொடுத்தார். கண்ணாடி டம்ளர்களை மாஸ்டருடைய பழைய வேட்டித் துண்டுகளில் சுற்றினார். சன்னிவேலில் சௌசௌ கிடைக்குமா என்று கவலைப்பட்டார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, போகாதீர்கள் என்றோ, போனால் கஷ்டமாக இருக்கும் என்றோ வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சரி என்பார். என்ன கேட்டாலும் சரி என்பவரிடம் இதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை மதியம் அவர் வீட்டில் எங்களுக்கு விருந்து. தெருக்காரர்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பின்பக்கம் நிழலில் நீள மேசை போட்டு, இலை போட்டிருந்தார். காலையிலிருந்தே தெரு முழுக்கத் தேங்காய்ப் பால் வாசனை. எனக்கு அக்காவுக்கு எதிரே இடம். பக்கத்தில் என் கணவர், அந்தப் பக்கம் மாஸ்டர். கடலிலிருந்து வந்திருந்த மகன் தண்ணீர் ஊற்றினான். அக்கா ஒவ்வோர் இலையாகச் சோறு வைத்தார். சௌசௌ வைத்தார், கோழி வைத்தார், முட்டை வைத்தார். பிறகு கெட்டிப்பால் கிண்ணத்தோடு வந்தார். மாஸ்டருக்கு ஒரு கரண்டி. என் கணவருக்கு ஒரு கரண்டி. என் பிள்ளை "ஒன் மோர், பாட்டி" என்றது, அதற்கு இரண்டு கரண்டி.

கரண்டி என் இலையைத் தாண்டிப் போனது.

அக்கா நிற்கவில்லை. அடுத்த இலைக்கு ஊற்றினார், அதற்கடுத்த இலைக்கும் ஊற்றினார். மேசையின் கடைசி ஆள் வரை போனார். முழுக் கிண்ணத்தோடு போனவர் பாதிக் கிண்ணத்தோடு திரும்பி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏய், உனக்கு மட்டும் ஊத்தல" என்றார் என் கணவர். "கூட்டத்துல மறந்துட்டாங்க போல. அக்கா, இங்க..."

மேசைக்கு அடியில் அவர் தொடையைக் கிள்ளினேன். "சும்மா இருங்க."

மாஸ்டர் எட்டி என் இலையைப் பார்த்தார். தன் இலையைப் பார்த்தார். "உங்களுக்கும் வழக்குப் போட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்று சிரித்தார். "சுலபத்துல செயிக்க முடியாதுங்க. நான் அனுபவஸ்தன் சொல்றேன்."

அக்கா இலையைப் பார்த்தபடி தன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் நான் நாகர்கோவில்காரி, வாய் விட்டுக் கேட்காமல் இருக்க முடியுமா?

"அக்கா, எனக்குப் பாலு?"

அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. கிண்ணத்தை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"தீந்துடுச்சுங்க அம்மிணி."

வறட்டுச் சோறுதான். தொண்டையில் ஒட்டுகிற சோறு. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று இலையை அவர் பக்கம் தள்ளினேன்.